பத்தரைக்குப் பிறகு

இரவு பத்தரை.
பீர் அடுக்கிய குளிர்ப்பெட்டியின்
கைப்பிடிகளில் சங்கிலி கோத்துப் பூட்டுகிறேன்.
காலை ஏழு வரை விற்கக் கூடாது.
பூன் லேயில், புளோக்குக்குக் கீழே,
இந்தக் கல்லாவில் ஆறு வருடம்.
பகலெல்லாம் டின்களை ஸ்கேன் செய்யும் கை
பத்தரைக்கு போலீஸ் ஆகிவிடும்.

என் வீட்டில் பூட்டு கிடையாது.
அற்புதராஜின் புட்டிகள்
வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்தன,
ஒருமுறை மகளின் ஷூ பெட்டியில்.
போன தீபாவளி கழிந்த மூன்றாம் நாள்
அகப்பட்டதையெல்லாம் சிங்க்கில் கொட்டினேன்.
சொன்னால் சிரிப்பீர்கள்,
அபிஷேகம் செய்தது போல இருந்தது.

இரண்டாம் நாள் விடியலில் கட்டில் ஆடியது.
சுமத்ராவில் பூமி அசைந்தால்
பதினான்காம் மாடிக்குத் தெரியும்,
அதுதான் என்று நினைத்தேன்.
ஆடியது அவர்.
பல்லுக்கிடையில் நாக்கு. தலையணையில் ரத்தம்.

வியாழக்கிழமைகளில்
ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி
புவாங்கோக் போகிறேன்.
குடிப்பவரோடும் போதையில் இருப்பவரோடும்
வாழ்கிறவர்களுக்கான அறை.
எட்டு நாற்காலி, ஒரு டின் பிஸ்கட்.
மகனைப் பற்றி ஒரு சீனத்தாய் பேசுவாள்
டிஷ்யூவைக் கிழித்துக் கிழித்து.
அவள் மொழி எனக்குத் தெரியாது.
டிஷ்யூ புரிந்தது.

தாதி நோர்ஹயாத்தி ஒருநாள் சொன்னார்:
வருடக்கணக்கில் தினம் குடித்த உடம்பு
சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்,
உயிரும் போகலாம்.
நிறுத்த வேண்டும், மருந்தோடு நிறுத்த வேண்டும்.

நான் எழுந்து கழிப்பறைக்குப் போனேன்.
குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.
தண்ணீர் சிங்க்கில் போய்க்கொண்டே இருந்தது.
திரும்பி வந்தபோது
என் நாற்காலியில் யாரோ
ஒரு பிஸ்கட் வைத்திருந்தார்கள்.

இன்று பத்து நாற்பது.
கதவைத் தள்ளிக்கொண்டு மிஸ்டர் தியோ.
தினம் காலை ஏழுக்கு முதல் ஆள், மூன்று டின்.
இரண்டு நாளாகக் காணோம்.
கடைக்குள் ஏசி, அவர் சட்டையெல்லாம் வியர்வை.
உள்ளங்கையில் சில்லறை குலுங்கியது,
அவர் குலுக்கவில்லை.
“ஒன் கேன் ஒன்லி, லா.”
பிறகு சுவரைக் காட்டி, எறும்பு என்றார்.
சுவரில் எறும்பு இல்லை.

விற்றால் என் வேலை போகும்.
விற்காவிட்டால் என்ன நடக்கும் என்று
இந்தக் கடையில் எனக்கு மட்டும் தெரியும்.
பூட்டியவளும் நான்,
காலையில் திறந்து விற்கப்போகிறவளும் நான்.

995.
மறுமுனைக் குரல்
குடிகாரரா என்று கேட்கவில்லை.
மூச்சு சீராக இருக்கிறதா என்று கேட்டது.

கவிழ்த்த பால் கூடையில் அவரை உட்காரவைத்தேன்,
கண்ணாடிப் புட்டிகளைத் தள்ளிவைத்தேன்,
தரையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன்.
இன்று என்ன கிழமை? தெரியவில்லை.
பூனையின் பெயர் மட்டும் சரியாகச் சொன்னார்:
கோப்பி.
எதிர் புளோக் மாடிப்படியில் காத்திருக்குமாம்.

ஆம்புலன்ஸ் பையன் “அங்கிள்” என்று கூப்பிட்டு
போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான்.
போகும்போது தியோ சில்லறையை
என் கையில் அழுத்தினார். பூனைக்கு.
எண்ணினேன். இரண்டு வெள்ளி பத்து காசு.
அதற்கு ஒரு பீர் டின் எப்படியும் வராது.

மீன் டின் ஒன்றை ஸ்கேன் செய்தேன்.
முப்பது காசு குறைந்தது, என் பர்ஸிலிருந்து போட்டேன்.

போன் அடித்தது. அற்புதராஜ்.
தொண்ணூற்றோராம் நாள்.
“எங்க இருக்க? சோறு ஆறிப்போச்சு.”
நான் உடனே பதில் சொல்லவில்லை.
வழக்கம்போல அந்தக் குரலுக்குள்
நாக்கு எங்காவது வழுக்குகிறதா என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.
இன்னொரு முறை பேசவிட்டேன்.

“வர்றேன்,” என்றேன்.
“ஒரு பூனைக்குச் சாப்பாடு வச்சிட்டு வர்றேன்.”